இரட்டை என்ஜினும் ஒரு தாடியும்

அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று பேசுகிறவர்கள், திருவண்ணாமலையில் ஒரு குருக்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே காலம் தாராளமாக மலையேறலாம். கர்ப்பிணியின் புருஷன் மட்டும் ஏறக் கூடாது. மலையேறக் கூடாது, சமுத்திரத்தில் குளிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தில் கத்தி படக் கூடாது. இப்படிப்பட்டவனுக்குக் கர்ப்பிணீபதி என்று சாஸ்திரத்தில் ஒரு பட்டம் வேறு. பட்டத்தைக் கேட்டால் ஜமீன்தார் போல் இருக்கும். ஆளைப் பார்த்தால் பரதேசி போல் இருப்பான்.

எழுபத்தெட்டாம் வருஷம் சாம்பமூர்த்தி அப்படித்தான் இருந்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன சிவன் கோயிலில் பூஜை செய்தவரின் பிள்ளை. கிண்டிக்கு என்ஜினீயரிங் படிக்கப் போனபோது குடுமியை எடுத்தவன், படித்து முடித்துப் பெங்களூரில் விமானம் கட்டும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். மாமனார் கைலாச குருக்கள், அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உள்ளவர். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று தெருவில் யாராவது கேட்டால், மாமியார் திரிபுரசுந்தரி, "ஏரோப்ளேன் ஓட்டறார்" என்பாள். தெரு அதைப் பாதியாகக் குறைத்து, டிக்கெட் கிழிக்கிறார் என்று வைத்துக்கொண்டது.

இரண்டும் இல்லை. அவனும் அவனைப் போல் ஒரு கூட்டமும் ஏழு வருஷமாக ஒரே ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாழப் பறந்து வந்து எதிரியின் டாங்கிகளையும் பாலங்களையும் தாக்கிவிட்டு ஓட வேண்டிய விமானம். இரண்டு என்ஜின், இரண்டு இருக்கை. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஒரு நம்பர்தான். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் தெரு எதை நம்பினாலும் அவன் திருத்தவில்லை.

ஒரு என்ஜினுக்குப் பதில் இரண்டு வைப்பது அழகுக்காக அல்ல. தாழப் பறக்கிறவனைக் கீழேயிருந்து சுடுவார்கள். ஒன்று போனாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாம்பமூர்த்தியின் கீழே வேலை பார்த்த ராமதாஸ் கடலைக்காய் விவசாயிகள் வீட்டுப் பிள்ளை, அவனும் கீழ்பென்னாத்தூர்க்காரன். அவன் இதை ஒரே வரியில் சொல்வான்: ஒரு மாடு படுத்துக்கிச்சுன்னா இன்னொரு மாடு வண்டிய இழுக்கணும். கேட்க சுலபம். ஆனால் படுத்த மாட்டின் பங்குத் தீனியை ஓடுகிற மாட்டுக்கு மாற்றிவிட வேண்டும். நின்றுபோன என்ஜின் பக்கத்துத் தொட்டியிலிருந்து எரிபொருளை மறுபக்கம் கொண்டுபோகாவிட்டால், ஒரு இறக்கை கனத்து விமானமே சாய்ந்துவிடும். அந்தக் குழாய்களும் வால்வுகளும்தான் சாம்பமூர்த்தியின் ஏழு வருஷம். சோதனை விமானத்தில் பின்னிருக்கையில் ஒருவன் உட்கார்ந்து, அந்த வால்வுகளைக் கையால் இயக்கிப் பார்க்க வேண்டும். அந்த இருக்கை அவனுக்கு என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. அவன் தொழிற்சாலைக்குள் நுழைந்ததே அந்த இருக்கைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுச் சங்கதி. அவன் மனைவி அபீதகுஜாம்பாளுக்கு இரண்டு முறை கர்ப்பம் தரித்துக் கலைந்துவிட்டது. முதலாவது ஐந்தாம் மாசம், அடுத்தது ஏழாம் மாசம். இரண்டு முறையும் அவன் தினமும் மழுமழுவென்று முகத்தை வழித்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதில் திரிபுரசுந்தரிக்கு நிகர் கிடையாது. அவன் மாமனார் வீட்டுக்கு வந்து கொல்லையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வெந்நீர்ச் செம்பை அவன் பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டுப் போவாள். அந்த டங்கில் எல்லாம் இருக்கும்.

மூன்றாவது முறை அபீதாவே கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். குழந்தை பொறக்கற வரைக்கும் தாடியை எடுக்காதேங்கோ."

அவன் யோசிக்காமல் சரி என்றான். அவனுக்கு அப்போது அது ஒரு கஷ்டமே இல்லை. வெளிதேசத்திலிருந்து வர வேண்டிய என்ஜின்கள் வரவில்லை. காகிதம் டில்லிக்கும் பெங்களூருக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தது. விமானம் கொட்டகையில் வயிறு காலியாக நின்றது. கல்யாணமே நிச்சயமாகாத வீட்டில் ஜானவாசக் காருக்கு எதற்குச் சண்டை என்று தாடியை வளர்த்தான். தொழிற்சாலையில் அவனைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டான்.

சொல்லிவைத்தாற்போல் அபீதாவுக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது என்ஜின்கள் வந்து இறங்கின. ஏழு வருஷமாகத் தூங்கிய வேலைக்கு ஒரே மாசத்தில் றெக்கை முளைத்தது. என்ஜின்கள் உள்ளே ஏறின, தரையில் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடுபாதையில் உருட்டிப் பார்த்தார்கள். விமானப் படையிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றும், அதற்குள் ஒற்றை என்ஜினில் பறந்து காட்டியாக வேண்டும் என்றும் மேலிடம் சொல்லிவிட்டது. காட்டாவிட்டால் திட்டத்தை மூடுவார்கள். தொழிற்சாலை டாக்டர் சாம்பமூர்த்தியைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் முகமூடியை மாட்டிச் சோதனை அறையில் உட்காரவைத்தார். தாடி வழியாகக் காற்று கசிந்தது. இறுக்கிக் கட்டியும் கசிந்தது. "தாடி அல்லது இருக்கை. இரண்டில் ஒன்று" என்றார் டாக்டர்.

இந்த நிலைமையில்தான் அவன் சீமந்தத்துக்குத் திருவண்ணாமலை வந்தான். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் என்று பஸ் மாறி மாறி வரும்போதெல்லாம், மாமனாரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றே யோசித்தான். கணக்குப் போடுகிற புத்தி அல்லவா? பெரிய தடையை முதலில் உடைத்தால் சின்னது தானே விழும் என்று முடிவு செய்தான். பெரிய தடை மலை. ஆகாயத்தில் ஏறலாம் என்று தீர்ப்பு வாங்கிவிட்டால், அதற்காக முகம் வழிப்பது ஒரு பொருட்டா?

சீமந்தம் நல்லபடியாக முடிந்தது. மூக்கில் ஆலமொட்டுச் சாறு பிழிந்ததில் அபீதா தும்மித் தீர்த்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து வெற்றிலை போடும் நேரம் பார்த்து, சாம்பமூர்த்தி மெள்ள ஆரம்பித்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். கர்ப்பிணீபதி மலையேறப்படாதுன்னா, ஏரோப்ளேன்ல ஏறலாமா?"

திரிபுரசுந்தரி கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "என்ன கேள்வி இது? மலையே கூடாதுங்கறது சாஸ்திரம். ஆகாசம் ஆகுமா?"

வந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குருக்கள்மாரைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்பிவிட இதைவிட நல்ல மருந்து இல்லை. கைலாச குருக்களின் பங்காளி ஞானஸ்கந்த குருக்கள், சட்டம் பேசுவதில் வக்கீலுக்கு அண்ணன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உசரந்தான் தோஷம். மலை என்ன, மச்சு என்ன? கால் தரையை விட்டுப் போகப்படாது. முடிஞ்சது."

"அப்படின்னா பஸ்ல வந்தாரே, அதுவும் கால் தரையிலயா இருந்தது?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. ஞானஸ்கந்த குருக்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

கைலாச குருக்கள் பாக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"எதுக்கு மாமா?"

"ஏரோப்ளேனுக்கு."

"விமானம்."

"விமானம்." கைலாச குருக்கள் அந்தச் சொல்லை வாயில் போட்டு ஒருமுறை சுவைத்தார். "ஏண்டா ஸ்கந்தா, கும்பாபிஷேகத்துல விமானத்து மேல ஏறிக் கலசத்துல தீர்த்தம் விடறோமே, அன்னிக்கு யாராவது, உன் ஆத்துக்காரி முழுகாம இருக்காளான்னு கேட்டுட்டா சாரத்துல ஏத்தறா? நீயே ஏறியிருக்கே. உன் ரெண்டாவது பிள்ளை அப்போ வயித்துல. அவன் நன்னாத்தானே இருக்கான்?"

"அது கோயில் விமானம்."

"விமானம் விமானந்தான். கர்ப்பிணீபதி மலைதான் ஏறப்படாது, விமானம் ஏறப்படாதுன்னு எந்த ஆகமத்துலயும் நான் பாத்ததில்லே. நீ பாத்திருந்தா சொல்லு."

ஞானஸ்கந்த குருக்கள் பார்த்ததில்லை. சபை கலகலவென்று சிரித்தது. யுத்த விமானத்துக்கும் கோயில் விமானத்துக்கும் முடிச்சுப் போட்டதில் ஒருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. திரிபுரசுந்தரிகூட, நாலு பேர் ஒத்துக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்வது என்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். சாம்பமூர்த்திக்கு எழுந்து மாமனார் காலில் விழலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவசரப்பட்டான்.

"அப்போ நாளைக்கே தாடியை எடுத்துடறேன் மாமா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதை என்னத்துக்கு எடுக்கணும்?" என்றார் கைலாச குருக்கள்.

அவன் முகமூடியை விளக்கினான். காற்று கசிவதை விளக்கினான். சர்தார்ஜிகள் தாடியோடு பறக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். அவர்களுக்குச் சின்ன வயசிலிருந்து இழுத்துக் கட்டிப் பழக்கம், என்னுடையது ஈச்ச முள் மாதிரி நிற்கிறது, சோதித்துப் பார்த்தாயிற்று என்றான்.

"அது வேற, இது வேற" என்றார் மாமனார். குரலில் வருத்தம் இருந்தது; தீர்ப்பு மாறவில்லை. "விமானத்துக்கு வழி சொல்லிட்டேன். க்ஷவரம் கூடாதுன்னு ஸ்பஷ்டமா இருக்கு. அதுக்கு வேற அர்த்தம் பண்ண முடியாது. எவ்வளவு உசரம் வேணும்னாலும் போங்கோ. தாடியோட போங்கோ."

கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியை எடுத்துவிட்டாற்போல ஆயிற்று. தன் வாதம் தன்னையே கட்டிப்போட்டுவிட்டதை நினைத்து சாம்பமூர்த்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்காமலே வழித்துக்கொண்டு போயிருக்கலாம். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. இனிமேல் வழித்தால் அது தெரிந்து செய்வது.

சாயங்காலம் அபீதா கிணற்றடியில் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல். அவனைப் பார்த்ததும், பக்கத்தில் இடம் இருந்தும் இன்னும் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க பறக்கறதுக்கு நான் குறுக்க நிக்கல்லே" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டு தடவையும் நீங்க எடுத்துண்டேள். அதனாலதான்னு நான் சொல்லல்லே. அதனால இல்லேன்னும் என்னால சொல்ல முடியல்லே. நான் படிக்காதவ இல்லே. எஸ்.எஸ்.எல்.சி.ல சயின்ஸ்ல நல்ல மார்க்கு வாங்கினவ. ஆனா ராத்திரி படுத்தா அது ஒண்ணும் துணைக்கு வரமாட்டேங்கறது."

அவன் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவன் இல்லை. எதைச் சொன்னாலும் அது இருக்கையை நோக்கித்தான் இழுக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

"எடுக்கல்லே" என்றான் கடைசியில்.

"மலையைப் பாத்துச் சொல்லுங்கோ."

அந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. எந்தக் கொல்லையில் நின்றாலும் மலை தெரியும், தப்பிக்க முடியாது. அவன் திரும்பி, மலையைப் பார்த்து, எடுக்க மாட்டேன் என்று சொன்னான். சொன்னபோது மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

பெங்களூர் போனதும் இருக்கையை ராமதாஸுக்குக் கொடுத்தான். முதலில் பறந்தபோதும், அதற்கடுத்த முறையும் ராமதாஸ்தான் போனான். இரண்டு என்ஜினும் ஓடின, ஒரு குறையும் இல்லை. கீழே நின்றுகொண்டு கழுத்து வலிக்க மேலே பார்த்தவர்களில் சாம்பமூர்த்தியும் ஒருவன். விமானம் தரை தொட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள், அவனும் தட்டினான். வயிறு எரிந்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை, நன்றாகவே எரிந்தது.

அடுத்தது ஒரு என்ஜினை ஆகாயத்தில் நிறுத்திப் பார்க்கும் சோதனை. அதற்கு முன்தினம் காலையில் ராமதாஸ் அவன் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றான்.

"சார், நாளைக்கு நீங்களே போங்க."

"இன்னாப்பா திடீர்னு?" என்றான் சாம்பமூர்த்தி. ராமதாஸோடு பேசும்போது ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"ரெண்டு மாடும் ஓடற வரைக்கும் நான் பாத்துக்கினேன். ஒண்ண படுக்க வெச்சுட்டு ஓட்டறதுன்னா கை நடுங்குது சார். அது உங்க வால்வு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எத முதல்ல மூடணும்னு உங்க கைக்குத் தெரியும். நான் யோசிக்கணும். அங்க யோசிக்க ஏது சார் நேரம்?"

"என் சம்சாரம் மாசமா இருக்கா, ராமதாஸ். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்." ராமதாஸ் தரையைப் பார்த்தான். "என் சம்சாரமும்தான் மாசமா இருக்குது. நாலு மாசம்."

சாம்பமூர்த்தி அவன் முகத்தைப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. "உங்க வீட்ல சொல்லலியா?"

"எங்கம்மா சொல்லிச்சு. வேலை பூடும்மான்னேன், வுட்டுடுச்சு."

அன்று மத்தியானம் தொழிற்சாலைக் கான்டீனுக்குப் பின்னால் இருந்த சவரக் கடையில் சாம்பமூர்த்தி தாடியை எடுத்துக்கொண்டான். ராமதாஸுக்காகத்தான் எடுத்தேன் என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதி உண்மை. மீதி, வெறும் ஆசை. கத்தி கன்னத்தில் இறங்கும்போது அவன் அபீதாவை நினைக்கவே இல்லை. முகமூடி இனிமேல் கசியாது என்றுதான் நினைத்தான்.

மறுநாள் பறந்தார்கள். முன்னால் விமானப் படையிலிருந்து வந்த ஒரு விங் கமாண்டர், பின்னால் இவன். தென்கிழக்கே போய், உயரம் பிடித்து, நேராக்கி, இடது என்ஜினை நிறுத்தினார்கள். ஒரு பக்கத்து இரைச்சல் அடங்கியதும் விமானம் தோளைச் சாய்த்தது. சாம்பமூர்த்தியின் கை வால்வுக்குப் போயிற்று. ஊசிகள் தடுமாறின, பிறகு ஒவ்வொன்றாக நிலைத்தன. இடது தொட்டியின் எரிபொருள் வலது என்ஜினுக்குப் போகத் தொடங்கியது. விமானம் நிமிர்ந்துகொண்டது. ஏழு வருஷம் காகிதத்தில் வரைந்தது அவன் முதுகுக்குக் கீழே வேலை செய்தது. விங் கமாண்டர் முன்னாலிருந்து, "நல்ல குழந்தை" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அப்போதுதான் அவன் வெளியே பார்த்தான். தூரத்துப் புழுதிக்கு மேலே, தனியாக, ஒரு மலை தெரிந்தது. அவ்வளவு சின்னதாக அதை அவன் பார்த்ததில்லை. அடையாளம் தெரிந்தவுடன் பார்வையை ஊசிகளுக்குத் திருப்பிக்கொண்டான். இறங்கும் வரையில் மறுபடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பெரியவர்கள் வந்து பார்த்தார்கள், மெச்சினார்கள், முதுகில் தட்டினார்கள். அந்த விமானம் படையில் சேரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சில வருஷத்தில், வெளிதேசத்திலேயே நல்லதாக ஒன்று கிடைக்கும்போது இது எதற்கு என்று மூடிவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து நினைவுப் பரிசாக ஒரு பித்தளைத் தட்டு மிஞ்சியது. சாம்பமூர்த்திக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. அவன் மோவாயைத் தடவிக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கிறது, அதற்குள் நன்றாக வளர்ந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

தாடி அரை விரற்கடை வளர்வதற்குள் தந்தி வந்துவிட்டது. வலி முன்னாலேயே கண்டுவிட்டது, உடனே புறப்படு.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஒரு லேடி டாக்டரின் ஆஸ்பத்திரி. அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. தாழ்வாரத்தில் பெஞ்சின் மேல் கைலாச குருக்கள் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரத்து முள் எவ்வளவு, ஏழு மாசத்துத் தாடி எவ்வளவு என்று தெரியாதவரா அவர்? தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"பஸ்ல தூசி. முகத்தைச் சுத்திக்கோங்கோ" என்றார். "உள்ள இருக்கா உங்க மாமியார். வெளில வருவா."

சாம்பமூர்த்தி துண்டை வாங்கி, காதோடு சேர்த்து மோவாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். பல்வலிக்காரனைப் போல இருந்தான். மாமியார் வந்தாள், அழுதாள், குழந்தை திரும்பவில்லை என்று டாக்டர் சொல்கிறாள் என்றாள், உள்ளே போய்விட்டாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கும் நிலையில் இல்லை.

வெயில் தாழ்வாரத்தில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது. உள்ளேயிருந்து அபீதாவின் குரல் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் குறைந்தது. சாம்பமூர்த்தி தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தான். மயிருக்கும் கருவுக்கும் சம்பந்தம் கிடையாது. ராமதாஸின் மனைவி சௌக்கியமாக இருக்கிறாள். முன்னால் கலைந்ததற்கு டாக்டர் வேறு காரணம் சொல்லியிருக்கிறாள். எல்லாம் சரிதான். எல்லாம் சரியாக இருந்தும் அவன் கை துண்டுக்குள் போய் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தது. சீமந்தத்தன்று சபையில் உட்கார்ந்து மனசுக்குள் சிரித்தானே, அந்தச் சபையில் ஒருவர்கூட இப்போது இவன் நம்புகிற அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்கள். நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பிழைத்தால் சாகும் வரை சவரம் செய்துகொள்வதில்லை என்று வேண்டிக்கொண்டான். அது போதாது என்று தோன்றி, விமானத்தின் பக்கமே போவதில்லை என்றும் வேண்டிக்கொண்டான். யாரிடம் பேரம் பேசுகிறோம் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

மாமனார் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஜபித்துக்கொண்டிருந்தார். கோயிலில் அன்று அவர் முறை. பங்காளியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் கடைசித் தூணுக்கு வந்தபோது குழந்தை அழுதது. பெண். சின்னதுதான், ஆனால் குரல் தெரு வரைக்கும் கேட்டது. தாயும் பிழைத்துக்கொண்டாள். திரிபுரசுந்தரி வெளியே ஓடி வந்து, "எல்லாம் மாப்பிள்ளை தாடி வளத்த புண்ணியம்!" என்று துண்டு கட்டிய அவன் தலையைத் தடவித் திருஷ்டி கழித்தாள். கைலாச குருக்கள் எழுந்து, கிணறு எங்கே இருக்கிறது என்று ஆயாவைக் கேட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவனை உள்ளே விட்டபோது அபீதா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருட்டலுக்குள் குழந்தை. அவன் குனிந்து பார்த்தான். துண்டு நழுவித் தோளில் விழுந்தது. நிமிர்ந்தபோது அபீதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ எடுத்துண்டேள்?"

குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது.

"போன மாசம்."

"மேல போனேளா?"

"போனேன்."

"நன்னாப் பறந்துதா?"

"பறந்துது. ஒத்தை என்ஜின்லயே பறந்துது." தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். "அபீதா, நான் வந்து..."

அவள் கையை லேசாகத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். வளையல்களை டாக்டர் கழற்றிவிட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"குழந்தை பொழச்சுடுத்து. அதனால கேட்டேன்" என்றாள். "இல்லேன்னா கேட்டிருக்க மாட்டேன். ஆயுசு பூரா உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்."

குழந்தை சிணுங்கியது. அவள் மெள்ள அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாம்பமூர்த்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவள் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.